இடது இறக்கையின் உள்ளே

பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. பொம்மை விமானம் பறக்கவிடும் மைதானத்தில் அவரை எல்லோரும் கிராம் என்றுதான் கூப்பிடுவார்கள். விமான இறக்கைக்குப் பஞ்சு மாதிரி லேசான பால்சா மரப் பலகை வாங்கப் போனால், ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்து, பிறகு பையிலிருந்து ஒரு சின்னத் தராசை எடுத்து நிறுத்து, "ரெண்டு கிராம் ஜாஸ்தி" என்று கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கிற ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அந்தத் தராசும் அவர் மனைவியின் சமையலறையிலிருந்து போனதுதான். அதற்கு முன்பே இஸ்திரிப் பெட்டி போய்விட்டது. இறக்கைமேல் வண்ணப் பிளாஸ்டிக் தாளைச் சூடு வைத்து ஒட்ட அதுதான் வசதி என்று ஒருநாள் எடுத்துக்கொண்டு போனவர், அடியில் சிவப்புப் பிளாஸ்டிக் ஒட்டியிருந்ததைக் கவனிக்காமல் திரும்ப வைத்தார். வந்து தங்கியிருந்து, மறுநாள் இங்கிருந்தே அலுவலகத்துக்குப் போன மருமகப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை முதுகில் சிவப்புக் கோடு. அன்றிலிருந்து பெட்டி அவருடையதாகிவிட்டது.

மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு அவளுடைய அறை இறக்கை கட்டும் அறையாக மாறியது. கட்டில் வெளியே போனது, கதவுப் பலகை ஒன்று மேஜையாக உள்ளே வந்தது. மேஜை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு காலுக்கடியில் மடித்த காகிதம் செருகியிருக்கிறார். அறை முழுக்க மாவு மாதிரி மரத்தூள். மகள் வீட்டுக்கு வந்தால் முதலில் தும்முவாள், அப்புறம்தான் "அப்பா" என்பாள்.

தொழில், லிஃப்ட் மெக்கானிக். இருபத்தெட்டு வருஷம். ஒருமுறை ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் கம்பியில் ஒற்றை இழை அறுந்திருந்தது என்பதற்காக மூன்று நாள் நிறுத்தி வைத்துவிட்டார். பதினோரு மாடி ஏறி இறங்கியவர்கள் அவரை வாயார வாழ்த்தியிருக்க மாட்டார்கள். கம்பி முழுதாக மாறும்வரை அவர் அசைந்து கொடுக்கவில்லை. இந்தக் கதையை மைதானத்தில் பத்துப் பதினைந்து தடவையாவது சொல்லியிருப்பார். "கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஒழுங்கா இருக்கறதுதாங்க வேலை" என்று முடிப்பார். முடித்துவிட்டு எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்ப்பார். அந்தப் பார்வையில் கொஞ்சம் பெருமை இருக்கும். கொஞ்சமென்ன, நிறையவே இருக்கும்.

அதனால்தான் கிளைடர் பறக்கவிடுகிறவர்கள் சேர்ந்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எல்லா கிளைடரையும் பறப்பதற்கு முன் சோதித்துப் பார்க்கிற பொறுப்பை அவரிடமே கொடுத்திருந்தார்கள். கிளைடர் என்றால் ஆள் ஏறாத குட்டி விமானம், எஞ்சின் கிடையாது. நீளமான ரப்பர் கயிற்றின் ஒரு முனையைத் தரையில் முளையடித்துக் கட்டி, மறுமுனையைக் கிளைடரின் வயிற்றில் மாட்டி, பின்னால் நடந்து நடந்து இழுத்துப் பிடித்து விட்டால், பட்டம் மாதிரி மேலே ஏறும். உச்சியில் கயிறு தானாகக் கழன்று விழும். அப்புறம் கீழே நிற்பவர் கையிலிருக்கும் ரேடியோவின் இரண்டு குச்சிகளும், காற்றும்தான். எத்தனை அடி கூட நடக்கிறோமோ அத்தனை வேகமாக ஏறும்; ஏறும்போதுதான் இறக்கைக்குச் சோதனை. கிராம் இறக்கையைப் பிடித்து வளைத்துப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, "போகலாம்" என்றால்தான் போகும். பெரிய பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்களெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்காகக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள்.

இப்போது சம்பந்திக்கு வருவோம். மகளின் மாமனார். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய கைகள், பெரிய சிரிப்பு, மெதுவாகப் பேசத் தெரியாத தொண்டை. ஒரு ஞாயிறு மரியாதைக்காக மைதானத்துக்கு வந்தவர், தலைக்கு மேலே கிளைடர் வட்டமடிப்பதைக் கழுத்து வலிக்க ஒரு மணி நேரம் பார்த்தார்.

"டீசலே இல்லாம எப்படி சம்பந்தி போகுது?"

"காத்து மேல ஏறுற இடத்தைத் தேடிப் பிடிக்கணும். அவ்ளோதான்."

"நானும் பிடிக்கறேனே!"

பிடிக்க வந்தவர் பிடித்துக்கொண்டார். தெர்மாகோல் கிளைடர் ஒன்றில் பழகினார். அதை மரத்தில் மாட்டினார். இன்னொன்றை வேலியில் குத்தினார். பறக்கவிடும்போது கிளைடரோடு பேசுவார்: "மெல்ல, மெல்ல, வளைவு இருக்கு, ஹாங், அப்படித்தான்." எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். கிராமுக்குச் சிரிப்பு வரவில்லை. சம்பந்தி என்கிற உறவு இல்லையென்றால் இந்த ஆளை மைதானத்துப் பக்கமே சேர்த்திருக்க மாட்டோம் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டார். வெளியே, "கத்துப்பீங்க, கத்துப்பீங்க" என்றார்.

ஒருநாள் சம்பந்தி வீடு தேடி வந்து, இறக்கை அறையின் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கூச்சத்தோடு கேட்டார்.

"எனக்கு ஒரு ஜோடி இறக்கை செஞ்சு தர்றீங்களா சம்பந்தி? உங்க கையால. நிஜ மரத்துல."

மறுக்க முடியுமா? மகள் வாழ்கிற வீடு. சரி என்றார்.

மூன்று மாதம் ஆயிற்று. வலது இறக்கை கனகச்சிதம். இந்த இடத்தில் இறக்கைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடுவது நல்லது. விலா எலும்பு மாதிரி வரிசையாக நிற்கிற மெல்லிய பால்சாத் துண்டுகளை ரிப் என்பார்கள். அவற்றின் ஊடாக, மேலே ஒன்று கீழே ஒன்று என்று நீளவாக்கில் ஓடும் இரண்டு கெட்டி மரப் பட்டைகள்தான் ஸ்பார். இறக்கையின் பலமெல்லாம் அதில்தான். இறக்கை வளையும்போது அந்த இரண்டு பட்டைகளும் ஒன்றை நோக்கி ஒன்று நசுங்கப் பார்க்கும். நசுங்கவிடாமல் இருக்க, ஒவ்வொரு ரிப்புக்கும் நடுவே தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பால்சா இடைத்துண்டை ஒட்ட வேண்டும். அதற்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. மரத்தின் நார் மேலிருந்து கீழாக நிற்க வேண்டும். நார் படுத்திருந்தால், துண்டு இருந்தும் இல்லாத மாதிரிதான். தொடங்குகிறவர்களுக்காகக் கிராமே எழுதிக் கொடுத்திருக்கும் குறிப்பில் இது சிவப்பு மையில் இரண்டு தரம் அடிக்கோடிட்டு இருக்கிறது.

இடது இறக்கை கட்டிய அன்று, பலகையைக் குறுக்காக வெட்டுவதற்குப் பதில், ஏற்கெனவே நீளவாக்கில் கிழித்து வைத்திருந்த ஒரு மிச்சப் பட்டை கையில் அகப்பட்டது. அகலம் சரியாக இருந்தது. பாதி வேலையில், எங்கோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன். அவசரம். பட்டையைத் துண்டு துண்டாக நறுக்கி, பதினெட்டையும் மளமளவென்று ஒட்டிவிட்டுக் கிளம்பினார். மறுநாள் மாலை வந்து, மேலே பால்சாத் தகடு வைத்து மூடுவதற்காக இறக்கையைக் கையில் எடுத்தபோதுதான் பார்த்தார். பதினெட்டும் படுத்திருந்தன.

இந்தத் தப்பு யாருக்கும் வரும். கைத்தவறு. இதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து, பசையைச் சுரண்டி, புதுத் துண்டு ஒட்ட வேண்டும். ஒரு மாலை வேலை. நல்ல பலகை ஒன்று அலமாரியில் இருந்தது, ஆனால் அதை அவர் தன்னுடைய புதுக் கிளைடருக்காக எடுத்து வைத்திருந்தார். ஐந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"என்னங்க, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"நார் மாறிப் போச்சு. பிரிச்சுக் கட்டணும்." பிறகு, டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "விடு. அவருக்கு இது போதும். எப்படியும் ஒரு மாசத்துல கொண்டுபோய்த் தரையில குத்தப் போறாரு" என்றார்.

அவள் இறக்கையை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவர் தகட்டில் பசை தடவி, இடது இறக்கையை மூடினார். மேலே சிவப்பு வண்ணத் தாளை வைத்து இஸ்திரிப் பெட்டியால் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டினார். பார்க்க வலதும் இடதும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுபோல இருந்தன. சம்பந்தி வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இறக்கையைப் பிடிக்கத் தெரியாமல், பிறந்த குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு படியிறங்கினார்.

அடுத்த ஞாயிறு சம்பந்தி குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் மனைவி, மகன், மருமகள், எல்லோரும் மடக்கு நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கிராம் சோதிக்கிற நேரம் வந்தது. வலது இறக்கையை வளைத்துப் பார்த்தார். இடது இறக்கையையும் வளைத்துப் பார்த்தார். எப்போதும் வளைக்கிற அளவில் பாதிதான் வளைத்தார். காதை வைத்துக் கேட்டார். என்ன கேட்கப் போகிறது? "போகலாம்" என்றார்.

"எத்தனை அடி பின்னால நடக்கட்டும் சம்பந்தி?"

"எழுபது."

மைதானத்தில் வாய் ஓயாத ஒருவர் உண்டு, பல் டாக்டர். அவர் குறுக்கே புகுந்தார். "என்ன கிராம், எல்லாருக்கும் நூறு, இவருக்கு மட்டும் எழுபதா? இந்தக் காத்துக்கு எழுபதுல கயிறே கழலாது. உங்க இறக்கைமேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தி கிராமின் முகத்தைப் பார்த்தார். மகளும் பார்த்தாள். ஏன் எழுபது என்று சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கிராம் ஒரு விநாடி வானத்தைப் பார்த்தார், காற்றை அளக்கிறவர் மாதிரி.

"சரி. நூறே போங்க."

சம்பந்தி நூறு அடி எண்ணி எண்ணி நடந்தார். ஒரு அடிகூடக் கூட்டவில்லை. கிளைடரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து விட்டார். சிவப்பு இறக்கைகள் விர்ரென்று ஏறின. நாற்காலிப் பக்கத்திலிருந்து கைதட்டல். முக்கால் உயரம் போயிருக்கும், பென்சில் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இடது இறக்கை நடுவில் ஒடிந்து மேலே மடங்கிக்கொண்டது. கிளைடர் சுழன்று சுழன்று கீழே வந்தது. கைதட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை.

"என்னண்ணே, டாப் கியர்ல போட்டுட்டீங்களா?" என்றார் பல் டாக்டர். "குச்சியை ஸ்டீயரிங் மாதிரி இழுத்தா இறக்கை என்னத்துக்கு ஆகும்?"

மறுபடி சிரிப்பு. சம்பந்தியும் சிரித்தார், ஆனால் காது மடல் வரை சிவந்திருந்தது. உடைந்ததை நோக்கி ஓடியவர், பாதியில் திரும்பி நேரே கிராமிடம் வந்தார்.

"மன்னிச்சுடுங்க சம்பந்தி. மூணு மாச உழைப்பு. ஒரு நிமிஷத்துல நாசம் பண்ணிட்டேன்."

கிராம் அப்போது சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். அவர் சம்பந்தியின் தோளில் கை வைத்து, "பரவாயில்ல, விடுங்க. எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றார். குற்றம் செய்தவர், குற்றமில்லாதவரை மன்னித்துவிட்டார்.

அப்புறம் எல்லோரையும் முந்திக்கொண்டு போய் உடைந்த துண்டுகளைப் பொறுக்கினார். ஒருவரையும் கிட்டே வரவிடவில்லை. இடது இறக்கை பிளந்த இடத்தில் இடைத்துண்டுகள் படுத்த வாக்கிலேயே நசுங்கிக் கிடந்தன. தெரிந்த கண் ஒன்று பார்த்தால் போதும். அள்ளிச் சாக்கில் போட்டு, வாயை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். "நான் சரி பண்ண முடியுமான்னு பார்க்கறேன்" என்றார். அவருடைய பெருந்தன்மையைக் கண்டு சம்பந்தியின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

சாக்கு பரணுக்குப் போனது. அந்த வாரம் முழுக்கக் கிராம் இறக்கை அறைப் பக்கம் போகவில்லை. வேலையில் ஒரு லிஃப்டின் கதவைத் திறந்து கம்பியைச் சோதிக்கும்போது, கூட நின்ற காவலாளி, "நீங்க பார்த்தா சரியாத்தான் சார் இருக்கும்" என்றான். அவன் எப்போதும் சொல்வதுதான். அன்றைக்கு அது சுரீரென்றது. ஒருமுறை பார்த்த கம்பியை இரண்டாம் முறையும் பார்த்தார்.

சனிக்கிழமை மகள் போன் செய்தாள்.

"அப்பா, மாமா ரேடியோவைப் பெட்டியில போட்டுக் கட்டி வெச்சுட்டாருப்பா. யாருக்காவது குடுத்துடலாம்னு சொல்றாரு."

"ஏன், என்னாச்சு?"

"என்னாச்சா? அந்த டாக்டர் பேசினது மனசுல தங்கிடுச்சு. முப்பத்தோரு வருஷம் ஓட்டினேன், ஒரு விபத்து கிடையாது, இப்போ ஒரு பொம்மையைக்கூட ஓட்டத் தெரியல, கை போயிடுச்சுன்னு அத்தைகிட்ட சொல்லிட்டு இருந்தாரு. சாயந்திரமானா ஜன்னல் ஓரமா உட்கார்ந்துட்டு ஆகாசத்தையே பார்க்கறாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாருப்பா. உங்களைப் பத்தி அவ்ளோ உசத்தியா பேசறாரு."

போனை வைத்த பிறகும் கிராம் அங்கேயே நின்றார். சம்பந்தியின் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. நூறு என்று சொன்னால் நூறுதான் நடந்த கை அது.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியை வற்புறுத்தி மைதானத்துக்கு வரவழைத்தார். எல்லோரும் தகரக் கூரைக்கடியில் நின்றுகொண்டிருக்கும்போது, பரணிலிருந்து இறக்கிக்கொண்டு வந்த சாக்கை அவிழ்த்து, உடைந்த இறக்கையை மேஜைமேல் வைத்தார்.

"போன வாரம் இது ஒடிஞ்சது அவர் தப்பு இல்ல. என் தப்பு. இடைத்துண்டுல நார் படுத்திருக்கு, பாருங்க. நான்தான் மாத்தி ஒட்டியிருக்கேன். யார் பறக்க விட்டிருந்தாலும் ஒடிஞ்சிருக்கும்."

எல்லோரும் மேஜையைச் சுற்றிக் குனிந்து பார்த்தார்கள். அப்புறம் பல் டாக்டர் கைதட்டினார். நிஜமாகவே தட்டினார்.

"கிராம்னா கிராம்தான்யா! தானே கண்டுபிடிச்சு, தானே வந்து சொல்றதுக்கு எத்தனை பேருக்கு மனசு வரும்?" என்றவர் சம்பந்தி பக்கம் திரும்பி, "அண்ணே, வாய் நீண்டுடுச்சு. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

சம்பந்தியின் முகத்தில் ரத்தம் ஏறியதைக் கிராம் கண்ணால் பார்த்தார். சம்பந்தி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார், காணாமல் போய்க் கிடைத்த பொருளைப் பார்க்கிற மாதிரி. பிறகு கிராமின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்ளோ பெரிய மனசு உங்களுக்கு. ஒட்டின அவசரத்துல கவனிக்காம விட்டிருப்பீங்க. இதைப் போய் நாலு பேர் முன்னால சொல்லணுமா?"

கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். கிராம் வாயைத் திறந்தார். எல்லோரும் அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டார். அன்றைக்கு அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறைதான். லிஃப்ட் கம்பிக் கதையைப் பல் டாக்டரே புதிதாக வந்த ஒருவருக்கு எடுத்துச் சொன்னார். பொய் சொல்லி நல்ல பெயர் வாங்குகிறவர்கள் ஊரில் நிறைய இருக்கலாம். கிராம் உண்மையைச் சொல்லி வாங்கிவிட்டார், அதிலும் பாதியை மட்டும்.

அன்று அவர் மனைவியும் வந்திருந்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"முழுசாச் சொல்லிட்டீங்களா?"

அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. இறங்கும் இடம் வரைக்கும் கிராம் முன்சீட்டின் பின்புறத்திலிருந்த கிறுக்கல்களைப் படித்துக்கொண்டு வந்தார்.

புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு அழைப்பு மணி. சம்பந்தி நின்றுகொண்டிருந்தார், கையில் புது பிளேடு, இரும்பு ஸ்கேல், மூக்குக் கண்ணாடிக் கூடு.

"இந்தத் தடவை நானே கட்டறேன் சம்பந்தி. நீங்க பக்கத்துல இருந்து சொல்லிக் குடுங்க. வலது இறக்கை நல்லாத்தானே இருக்கு? இடது மட்டும்."

கிராம் அலமாரியைத் திறந்து, தனக்கென்று வைத்திருந்த நல்ல பலகையை எடுத்துக் கொடுத்தார். அதைக் கொடுத்தாவது நெஞ்சு கொஞ்சம் லேசாகும் என்று பார்த்தார். ஆகவில்லை. சம்பந்தி வாரம் இரண்டு நாள் வந்தார். அந்தப் பெரிய விரல்கள் முதலில் நான்கு ரிப்பை நொறுக்கின, ஐந்தாவதிலிருந்து பழகிக்கொண்டன. பிளேடை ஓட்டும்போது, "மெல்ல, மெல்ல, வளைவு இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். கிராம் எதை நீட்டினாலும் ஏறிட்டும் பார்க்காமல் வாங்கி, பசை தடவி, ஒட்டிவிடுவார். அந்த நம்பிக்கைதான் கிராமைக் கொன்றது.

நான்காவது வாரம் இடைத்துண்டுக்கு வந்தார்கள். கிராம் பலகையைக் குறுக்காக வெட்டிக் கொடுக்க, சம்பந்தி ஒட்டிக்கொண்டு வந்தார். பதினொன்று முடிந்திருந்தது. பன்னிரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு சம்பந்தி ஒரு சந்தேகம் கேட்டார், வகுப்பில் நல்ல பிள்ளை கேட்கிற மாதிரி.

"ஒட்டி முடிச்சு, மேல மூடறதுக்கு முன்னாடி தப்புன்னு தெரிஞ்சா என்ன பண்றது சம்பந்தி?"

"பிரிச்செடுத்துட்டு மறுபடி ஒட்டணும்."

"ரொம்பக் கஷ்டமா?"

"கஷ்டமெல்லாம் இல்ல. ஒரு சாயந்திரம் ஆகும்."

"அவ்ளோதானா!" சம்பந்தி உச்சுக் கொட்டினார். "பாவம், அன்னிக்கு மட்டும் உங்க கண்ணுல பட்டிருந்தா ஒரு சாயந்திரத்துல முடிஞ்சிருக்கும். இத்தனை நாள் மனசுல போட்டு உருட்டியிருக்க வேண்டாம்."

அவர் பரிதாபப்பட்டுத்தான் சொன்னார். குத்திக் காட்டத் தெரிந்த ஆள் இல்லை. கிராம் பிளேடை மேஜைமேல் வைத்தார்.

"பட்டுச்சு."

"என்னது?"

"கண்ணுல பட்டுச்சு. மூடறதுக்கு முன்னாடியே. பதினெட்டும் படுத்திருக்கறதைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் மூடினேன்."

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் இன்னும் பாதிச் சிரிப்பு மிச்சமிருந்தது, எங்கே வைப்பது என்று தெரியாமல்.

"அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டு, மறந்துட்டீங்களோ?"

ஒரு வழி திறந்துவிட்டார், பாவம். ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிடும்.

"இல்ல. மறக்கல."

"பலகை இல்லையா?"

"இருந்துச்சு. இப்போ உங்க கையில இருக்கே, இதேதான். எனக்குன்னு வெச்சிருந்தேன்."

"பின்னே ஏன்?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டிருந்தது, மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"உங்களுக்கு இது போதும்னு நினைச்சேன்."

சம்பந்தி பெரிய கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, மேஜைமேலிருந்த இறக்கையைப் பார்த்தபடி இருந்தார். அவர் கத்தியிருந்தால் கிராமுக்கு உதவியாக இருந்திருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"யாரு ஏறியிருக்காங்கன்னு பார்த்து நான் பிரேக் போட்டதில்லீங்க" என்றார் கடைசியில். அந்தத் தொண்டையிலிருந்து இவ்வளவு மெதுவாக ஒரு குரல் வருமென்று கிராமுக்குத் தெரியாது. "முப்பத்தோரு வருஷத்துல ஒருநாள்கூட."

கிராம் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தெரிந்தது. அந்த வார்த்தையை மைதானத்தில் இவர் தன்னிடம் சொன்னதும், தான் அதைத் தோளில் தட்டி வாங்கிக்கொண்டதும் நினைவுக்கு வந்து வாயை அடைத்தது. ஆனாலும் சொன்னார். சம்பந்தி அதற்குத் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"மருமககிட்ட இதைச் சொல்லாதீங்க. அவளுக்கு அப்பான்னா உசுரு" என்றார்.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மிச்சம் ஏழு துண்டு இருக்கு. முடிச்சுடலாம்."

கையிலிருந்த பன்னிரண்டாவது துண்டை அவர் ஒட்டவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நகத்தால் கீறியும் பார்த்தார். திரும்பி வந்து ஒட்டினார். அடுத்ததற்குக் கையை நீட்டினார். கிராம் வெட்டிக் கொடுத்தார். அதையும் ஜன்னலுக்குக் கொண்டுபோனார். கோபமாகவோ, வேண்டுமென்று காட்டுவதற்காகவோ இல்லை. வண்டியை எடுப்பதற்கு முன் டயரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். இருபத்தெட்டு வருஷத்தில் கிராம் கொடுத்த ஒன்றை அவர் கண்ணெதிரே யாரும் இப்படிச் சோதித்ததில்லை.

ஒவ்வொரு துண்டுக்கும் சம்பந்தி எழுந்து போனார், வந்தார். பதினெட்டாவதைப் பார்க்க மற்றவற்றைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். கிராம் மேஜையோரம் கையைக் கட்டிக்கொண்டு, அவர் "சரியா இருக்கு" என்று சொல்லும்வரை நின்றார்.